டெக்கரின் அட்டையை யார் கேட்டார்கள்?

ஹார்லன் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
ஜனவரி 9, 1994

திரு. லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. போன நவம்பரில் என் கணவர் வேட் டெக்கருக்கு நீங்கள் ஒரு உறை அனுப்பியிருந்தீர்கள். உள்ளே அவர் பெல்லமி மல்லட்ஸ் அணியின் சட்டை போட்டு நிற்கிற படம் அச்சடித்த பேஸ்பால் அட்டை ஒன்று, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி நாலு வரி, உங்கள் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு உறை. அந்த விலாசத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

1991இல் வேட் உங்கள் ஊரில்தான் பந்து வீசினார். அடுத்த வருடம் அதற்கு ஒரு படி மேலே உள்ள அணிக்கு அனுப்பினார்கள். அங்கே தோள் போயிற்று. அறுவை சிகிச்சை செய்தார்கள். போன மார்ச்சில் பயிற்சி முகாமிலிருந்தே பையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வயது இருபத்தாறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கீழறையில் ஒரு சோபாவில் படுத்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டை நான் படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். திரும்பி வரும்போது பாதி தட்டு அப்படியே இருக்கும்.

உங்கள் உறை வந்த அன்று படியேறி மேலே வந்தார். "ஜோலீன், நல்ல பேனா ஏதாச்சும் இருக்கா?" என்றார். பல மாதங்களில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. செய்தித்தாள் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பார்த்தார். "கையெழுத்தே மறந்து போச்சு பாரேன்," என்று சிரித்தார். சவரம் செய்துகொண்டு, தபால் நிலையத்துக்கு அவரே நடந்துபோய் போட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு மறுபடியும் கீழே போய்விட்டார்.

சென்ற வாரம் அவருடைய அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை அலமாரியில் காணவில்லை. சோபாவுக்கு அடியில் இருந்தது. எண்ணெய் போட எடுத்தேன் என்றார். மான் வேட்டைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. என் அண்ணன் ராய் வந்து துப்பாக்கியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். உங்களிடம் அவருடைய அட்டை இன்னும் இருக்கிறதா? உங்களைப் போல அட்டை சேர்க்கிறவர்கள் வேறு யாராவது அவருக்கு எழுதுவார்களா? அந்த அட்டைக்கு ஏதாவது மதிப்பு உண்டா? இருந்தால் அதையாவது அவரிடம் சொல்லலாம். பதிலை வீட்டுக்குப் போட வேண்டாம். நான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறை விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஜோலீன் டெக்கர்


பெல்லமி, அயோவா
ஜனவரி 17, 1994

அன்புள்ள திருமதி டெக்கர்,

அட்டை வந்து சேர்ந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. என் ஆல்பத்தில் தன் இடத்தில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குக் காது மந்தம். பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் புரியும். தொலைபேசியில் ஒன்றும் புரியாது. அதனால் தபால்தான் எனக்கு வழி.

கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான். எதையும் உதாரணத்தோடு சொல்வதே பழக்கமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டக்காரர் நாடே பார்க்கும் பெரிய லீக்கில் நுழையும் வருடம் அச்சாவதைத்தான் ரூக்கி அட்டை என்கிறார்கள். எல்லாரும் துரத்துவது அதைத்தான். அதற்கு முன்பே எங்களைப் போன்ற சின்ன ஊர் மைதானங்களில், அணி முழுவதையும் ஒரு கட்டாகப் போட்டு விற்பார்கள். அது பள்ளி திறக்கும் நாளின் வருகைப் பதிவு மாதிரி. எல்லாப் பெயரும் அதில் இருக்கும். வருடக் கடைசியில் யார் என்ன ஆவார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருபத்தைந்து பேரில் ஒருவரோ இருவரோ பெரிய லீக்குக்குப் போவார்கள். அவர்கள் அட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். மீதிப் பேரை வியாபாரிகள் 'சாதா' என்று சொல்லி ஒரு பெட்டியில் கொட்டிவிடுவார்கள். வேட்டின் அட்டை சாதாப் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

நான் விலைக்காகச் சேர்ப்பதில்லை. வருகைப் பதிவில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது என்பது வாத்தியார் வேலையில் ஒட்டிக்கொண்ட புத்தி. எங்கள் ஊர் அணியின் ஒவ்வொரு அட்டையிலும் கையெழுத்து வாங்குகிறேன், ஆளுக்கு ஒன்று. வேட்டிடம் வாங்கியாயிற்று. என்னிடம் அவருடைய அட்டை வேறு இல்லை. வேறு பெயரில் எழுதி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. உடல்நலம் கெட்டவருக்கு மருத்துவர்தான் வேண்டும். ஒரு அட்டை மருந்தாகாது. தயவுசெய்து அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உண்மையுள்ள,
ஆர்வில் லிண்ட்குவிஸ்ட்


ஹார்லன் ஃபோர்க்
ஜனவரி 24, 1994

திரு. லிண்ட்குவிஸ்ட்,

பாடம் நடத்தியதற்கு நன்றி.

மருத்துவரிடம் போகாமலா உங்களுக்கு எழுதியிருப்பேன்? ஒரு தடவை போனோம். மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிடவில்லை. இரண்டாம் தடவை போனபோது மருத்துவமனை வாசலில் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "உள்ள போனா என்ன வேலை பாக்கறேன்னு கேப்பாங்க ஜோலீன். என்னன்னு சொல்றது?" என்றார். அவரைத் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியுமா?

இருபத்தைந்து பேரில் ஒருவரோ இருவரோ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். மீதிப் பேர் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? கையெழுத்து வந்ததும் ஆல்பத்தை மூடி வைத்துவிடுகிறீர்கள். உங்கள் வருகைப் பதிவு அதோடு நிரம்பிவிடுகிறது. ஆளைப் பற்றி அதற்கப்புறம் கேட்பதில்லை.

பிப்ரவரி பாதியில், பந்து வீசும் பிட்சர்கள் பயிற்சி முகாமுக்குப் போகும் நாள் வருகிறது. டிவியில் அதைக் காட்டுவார்கள். போன வருடம் அந்த நாளில் அவரும் அங்கே இருந்தார். இந்த வருடம் அன்றைக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் சமையலறையில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தட்டு நிரப்பிக்கொண்டே, வீட்டுக்குப் போனால் என்ன பார்ப்பேனோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னியுங்கள். இனி எழுதமாட்டேன்.

ஜோ. டெ.


பெல்லமி
பிப்ரவரி 2, 1994

அன்புள்ள ஜோலீன்,

பெயர் சொல்லி அழைக்கிறேன். நீங்கள் எழுதியது சரி. ஆல்பத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கங்களில் இருக்கும் பலர் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

மறுநாள் கஸ் ஸ்லோகமின் அட்டைக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் அது ஒன்றுதான் கடை.

"டெக்கரா? எந்த டெக்கர்?" என்றார் கஸ்.

"தொண்ணூத்தொண்ணு டீம். பிட்சர்."

"வாத்தியாரே, உடம்புக்கு ஏதும் பண்ணுதா? அந்த டீம்ல ஒருத்தன்தான் தேறுனான். அவனோடது வேணும்னா கண்ணாடிக்குள்ள இருக்கு, எடுத்துத் தரேன். டெக்கர் எல்லாம் அந்தா இருக்கான் பாருங்க."

அவர் காட்டிய இடத்தில் ஒரு கனத்த அட்டைப்பெட்டி கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. 1991 மல்லட்ஸ், சாதா. நான் தரையில் உட்கார்ந்து துழாவினேன். கஸ் மேலே நின்று கிண்டல் செய்துகொண்டே இருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, அவரும் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "இவனா? இவன் மெதுவா ஒரு பால் போடுவானே. பேட் வீசி முடிச்சு, ஆளு ஒரு சுத்து சுத்துனப்புறம் பால் வந்து சேரும். நான் பாத்திருக்கேன்யா," என்றார். காசு எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, "பெட்டி லேசாகி கதவு சாத்திக்கிட்டா நீங்கதான் வந்து பிடிச்சுக்கணும்," என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அட்டை சேர்ப்பவர்கள் கூடும் இடத்துக்கு, கிடைத்த வேட்டின் அட்டைகளை எடுத்துப் போனேன். உங்கள் வீட்டு விவகாரத்தை யாரிடமும் சொல்லவில்லை. வேட் டெக்கரை நினைவிருக்கிறவர்கள் மட்டும் எழுதுங்கள், உண்மையாக நினைவிருப்பதை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஆறேழு பேர் கையை நீட்டினார்கள். மைதானத்தில் டிக்கெட் கொடுக்கும் இடா மே ஒரு பக்கம் நிறைய எழுதினார். கஸ்ஸும், அந்த நாட்களில் அணியின் பேருந்தை ஓட்டிய வெண்டலும் எழுதினார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஊர்த் தபால் முத்திரை விழ வேண்டாமே என்று வெண்டல் அவற்றைத் தன் பேருந்து போகும் ஊர்களில் ஒன்றொன்றாகப் போடுகிறார். அது மட்டும்தான் இதில் தந்திரம். மற்றபடி ஒரு வரியும் பொய் இல்லை.

அட்டைகளை எல்லாம் நானே என் சமையலறை மேஜையில் தயார் செய்தேன். வழவழப்பான அட்டையில் கையெழுத்து மை ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். குழந்தைப் பவுடரைத் தூவி மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் ஒழுங்காகப் பிடிக்கும். அட்டை சேர்ப்பவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். அட்டை என் பங்கு, கடிதம் அவர்கள் பங்கு.

அடுத்த வாரம் தபால்பெட்டியைப் பாருங்கள்.

ஆர்வில் லிண்ட்குவிஸ்ட்


ஹார்லன் ஃபோர்க்
பிப்ரவரி 13, 1994

அன்புள்ள லிண்ட்குவிஸ்ட் சார்,

போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஒன்று வந்தது. அடுத்த நாள் ஒன்று. வியாழக்கிழமை இரண்டு சேர்ந்து வந்தன. வேட் கீழறையிலிருந்த சின்ன மேஜையை அவரே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்குப் படித்துக் காட்டுகிறார். "ஜோலீன், இதக் கேளு. இந்தப் பொம்பள என்ன எழுதியிருக்குன்னா, புயல் வந்த அன்னிக்கு நான் பாப்கார்ன் மெஷினத் தூக்கிட்டு ஓடுனேனாம். மேச் தோத்துப் போச்சு, ஆனா பாப்கார்ன் தப்பிச்சுதுன்னு எழுதியிருக்கு." சொல்லிவிட்டு இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் எதையும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவில்லை. அவசரப்படாமல் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி பதில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்கிறார். உட்கார்ந்து யோசிக்கிறார். யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அட்டைகளை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அயோவால கார்டையெல்லாம் குளிப்பாட்டித்தான் அனுப்புவாங்களா? லாவெண்டர் வாசனை அடிக்குது," என்று நேற்று கேலி செய்தார்.

வரும் வாரம் முகாம் தொடங்குகிறது. அந்த நாளும் இப்படியே கடந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜோலீன்


பெல்லமி
பிப்ரவரி 17, 1994

அன்புள்ள ஜோலீன்,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

வாசனை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பவுடர் டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மருந்துக் கடையில் அன்றைக்கு வாசனை இல்லாத பவுடர் தீர்ந்துபோயிருந்தது. லாவெண்டர்தான் இருந்தது. பவுடர் பவுடர்தானே என்று அதையே வாங்கினேன். காது போனதோடு என் மூக்கும் மழுங்கிவிட்டது போல. ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைத் தாங்களே தயார் செய்திருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்திருக்கும். நான் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் ஒரே டப்பாவிலிருந்து தூவினேன். அது போதாதென்று வேறு வேறு ஊர்களிலிருந்து போடச் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? ஒரே மாதிரி தப்பு செய்த விடைத்தாள்கள் வந்தால் நானே காப்பி என்றுதானே முடிவு கட்டுவேன்.

இன்னும் சில உறைகள் வழியில் இருக்கின்றன. அவர் கைக்குப் போகும் முன் நீங்கள் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் நடந்ததை எல்லாம் நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தானாகக் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது. பழியை என் மேல் போடுங்கள். ஆனால் கடிதங்கள் உண்மை என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

ஆ. லி.


ஹார்லன் ஃபோர்க்
பிப்ரவரி 18, 1994

சார்,

அவர் போய்விட்டார்.

நேற்று மாலை டிவியில் முகாமைக் காட்டினார்கள். வெயில், பச்சைப் புல், வரிசையாக நின்று பந்து வீசுகிறார்கள். உங்கள் ஊர் அணியில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அதில் சிரித்துக்கொண்டு பேட்டி கொடுத்தார். வேட் முழுவதையும் பார்த்தார். அணைத்துவிட்டு, அன்றைக்கு வந்த உறைகளைப் பிரித்தார். நான் அடுப்பருகே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லா அட்டைகளையும் மேஜையில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார்.

"டூபியூக், மோலீன், டெவன்போர்ட். முத்திரைல ஊரு வேற வேற. ஆனா எல்லாம் ஒரே டப்பா பவுடர்," என்றார்.

"எல்லாரும் பவுடர் போடுவாங்களாம் வேட்."

"யாரு சொன்னா?"

நான் சட்டியைக் கிளறத் திரும்பினேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும் ஜோலீன்? யாரு சொன்னான்னு கேக்கறேன்."

சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுதியதை, நீங்கள் எழுதியதை, எல்லாவற்றையும். கடிதங்கள் உண்மை என்றும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்ப ஒரே ஒரு கெழவன். அவனும் நீ அழுததால," என்றார். பிறகு, "நான் சிரிச்சேன்ல. பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சேன்ல," என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. அட்டைகளையும் உறைகளையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கோட்டு இங்கேயே இருக்கிறது. ராய் அண்ணனிடம் கேட்டேன். துப்பாக்கி அங்கே பத்திரமாக இருக்கிறது, வேட் வரவில்லை என்றார். அதில் எனக்கு என்ன நிம்மதி? போகிற வழியெல்லாம் ஆறு இருக்கிறது. ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. போலீஸில் சொன்னேன். பெரிய ஆள், சொந்த வண்டி, ஒரு ராத்திரிதானே ஆகிறது என்கிறார்கள். கஸ் கடைக்கு எண் விசாரித்துக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

உங்கள் விலாசம் முதல் உறையில் இருந்தே அவருக்குத் தெரியும். அங்கே வந்தால் கோபமாக வருவார். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். போக மட்டும் விடாதீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

ஜோலீன்


பெல்லமி
பிப்ரவரி 20, 1994

அன்புள்ள ஜோலீன்,

நேற்று கஸ்ஸின் கடையிலிருந்து வேட் உங்களோடு தொலைபேசியில் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. மீதியை நான் எழுத வேண்டும். எதையும் மெழுகாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால், வெறும் சட்டையோடு, உதடு நீலம் பாரித்து நின்றார். கையில் ஒரு காகிதப் பை. "நீங்கதானே பவுடர்?" என்றார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்ன ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பையை நீட்டினார்.

"இந்தாங்க. யாருது யாருதுன்னு நீங்களே குடுத்திருங்க. நான் போறேன்."

"எங்க போறீங்க?"

மறுபடியும் பையை நீட்டினார். அவர் கையிலிருந்த பையை நான் வாங்கவில்லை. வாங்கினால் போய்விடுவார் என்று தோன்றியது. "என்னோடது ஒண்ணு இருந்தா வாங்கிக்குவேன். இது மத்தவங்களோடது. அவங்ககிட்ட நீங்கதான் குடுக்கணும்," என்றேன். வாசலில் குளிரில் நின்றபடியே அதைப் பற்றி வாக்குவாதம் செய்தோம். அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. உரக்கச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"பாலத்துல வண்டிய நிறுத்திட்டேன். உங்க ஊருக்கு வர்ற பாலத்துலதான். ரொம்ப நேரம் நின்னேன். பக்கத்து சீட்டுல இந்தக் கவரெல்லாம் கெடந்துச்சு. ஸ்டாம்ப் ஒட்டின கவர். நான் போனா வண்டியோட இதுவும் போயிரும். இது என்னோடது இல்லையே. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஸ்டாம்ப் ஒட்டிய உறையைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களை நாங்கள் திட்டுவோம். அந்தச் சின்னக் கடமை ஒரு ஆளை ஒரு பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்து விடும் என்று நான் நினைத்ததே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டேன். என் பழைய கோட்டு ஒன்றை அவர் தோளில் போட்டேன். "அப்ப குடுத்துட்டு வருவோம், வாங்க," என்றேன்.

இடா மேயின் வீடு பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தவர் என்னோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்கார்ன்," என்றார். "ஏன்பா, ஸ்டாம்ப் ஒட்டித்தானே அனுப்புனேன்? கார்டு எங்க?"

வேட் அட்டையை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்து?"

"அம்மா, வாத்தியார் சொல்லித்தானே எழுதுனீங்க?"

"ஆமா. கார்டு குடுத்தாரு, எழுதச் சொன்னாரு. மெஷினத் தூக்குனது யாரு, வாத்தியாரா?"

வேட் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரால பால் டம்ளரக்கூடத் தூக்க முடியாது. கையெழுத்துப் போட்டுக் குடு. அந்த மெஷின் போயிருந்தா அந்த வருஷம் எனக்கு வேலையும் போயிருக்கும். அத எழுதுனேன்ல, படிச்சியா, இல்ல முகந்து மட்டும் பாத்தியா?"

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இடா மே அதை வாங்கி, கோணலாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் உட்காரவைத்து முட்டை பொரித்துக் கொடுத்தார். அங்கிருந்து கஸ் கடை, வெண்டல் வீடு, எழுதிய மற்றவர்களின் வீடுகள். கஸ் அந்த மெதுவான பந்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டச் சொல்லி ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். வேட் காட்டவில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பையில் ஒன்றும் மிச்சமில்லாதபோது தெருவில் நின்றோம். எனக்குப் பயமாக இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. இனி அவரைப் பிடித்து வைக்க என்னிடம் எதுவும் இல்லை. நேராகவே கேட்டேன்.

"சாகணும்னு இருக்கா?"

"தெரியலை சார். காலைல இருந்துச்சு. இப்ப தெரியலை."

"டாக்டர்கிட்ட போவோம்."

"நான் இறங்கமாட்டேன் சார்."

"நான் இறங்கிருவேன். ஆனா எனக்குக் காது கேக்காது. டாக்டர் என்ன சொல்றாருன்னு பக்கத்துல ஒருத்தர் இருந்து சொல்லணும்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இதுவும் தந்திரம்தானே என்றார். ஆமாம் என்றேன். மருத்துவமனை வாசலில் இறங்கி என்னோடு உள்ளே வந்தார். மருத்துவர் கேட்ட கேள்விகளை எனக்காக உரக்கத் திருப்பிச் சொன்னார். பிறகு பதில்களையும் சொன்னார். ஒரு பெண் மருத்துவர், இளவயது, பொறுமையானவர். என்ன வேலை என்று அவரும் கேட்கத்தான் செய்தார். "இப்ப ஒண்ணுமில்லை," என்றார் வேட். அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சில நாள் மருத்துவமனையிலேயே வைத்திருக்கப் போகிறார்கள். நீங்கள் வர வேண்டும். ராய் அழைத்து வருவார் என்றால் என் வீட்டில் இடம் இருக்கிறது. வேட் உங்களைக் கேட்டார். வார்த்தையாகக் கேட்கவில்லை. நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீர்கள், பனியில் அந்த மலைச் சாலை எப்படி இருக்கும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்வில்


ஹார்லன் ஃபோர்க்
ஏப்ரல் 11, 1994

அன்புள்ள ஆர்வில் சார்,

உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நல்ல செய்தியாக எழுத வேண்டும் என்று காத்திருந்ததுதான். அப்படி ஒரு நாள் முழுசாக வரவில்லை. அதனால் இருப்பதை எழுதுகிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறார். வியாழக்கிழமைதோறும் மருத்துவரிடம் போகிறார். இறங்கி, உள்ளே போகிறார். சில நாள் மேலே படுக்கிறார், சில நாள் கீழேயே கிடக்கிறார். முந்தாநாள் எழுந்திருக்கவே இல்லை. நேற்று எழுந்தார். நாளை எனக்குத் தெரியாது. துப்பாக்கியை ராய் அண்ணன் விற்றுவிட்டார். நான் இன்னும் வேலையிலிருந்து வரும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே நடமாடும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கச் சொன்னவர் அவர். கஸ் கடையில் கதவுக்கு முட்டுக்கொடுத்த அந்தப் பெட்டியில் 1991 அணியின் மற்றவர்களும் இருப்பார்கள் அல்லவா? பெரிய லீக்குக்குப் போனவர் வேண்டாம், அவருக்கு எழுத ஊரே இருக்கிறது. மீதிப் பேர் ஒவ்வொருவரின் அட்டையும் ஒன்று வேண்டுமாம். விலாசம் தேடி, ஒவ்வொருவருக்கும் கையெழுத்துக் கேட்டு எழுதப் போகிறாராம். எதற்கு என்று கேட்டேன். "யாராச்சும் கேக்கணும்ல," என்றார்.

கையில் இருந்த ஒரு அட்டையை வைத்து ஏற்கெனவே தொடங்கிவிட்டார். அதே அணியில் ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஆடிய மர்லன் பிக்கெட். அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் தினமும் பேசிக்கொள்வார்கள். பழைய எண் இப்போது வேலை செய்யவில்லை. தெரிந்த கடைசி விலாசத்துக்கு அனுப்பினார். மூன்று பக்கம் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

இன்று மதியம் அந்த உறை திரும்பி வந்துவிட்டது. ஆள் இல்லை, விலாசம் தெரியவில்லை என்று முத்திரை. நான்தான் தபால்பெட்டியிலிருந்து எடுத்தேன். ஒளித்துவிடலாமா என்று கைப்பையைத் திறந்தேன். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவரிடமே கொடுத்தேன்.

புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஜன்னலோர மேஜையில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன்.

"அவன் அம்மா ஆர்கன்சால ஏதோ ஒரு ஊர்ல பேக்கரி வச்சிருந்தாங்க," என்றார். "ஊர் பேரு என்ன ஜோலீன்? நான் சொல்லியிருக்கேன்ல உன்கிட்ட?"

எனக்கும் நினைவு வரவில்லை. அலமாரியிலிருந்து சாலை வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்திருக்கிறார். ஒவ்வொரு ஊர்ப் பெயராக விரலை வைத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஜோலீன்